சின்னவன் மோட்சத்தில் இருக்கிறான்

நவம்பர் பிறக்க மூன்று நாள் இருந்தது. இறந்துபோனவர்களின் பெயர்களை எழுதிக் கோயிலில் கொடுக்கும் தாளை அம்மா சாப்பாட்டு மேசையில் விரித்து, பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் டம்ளர் வைத்திருந்தாள். அவள் கண்ணில் புரை விழுந்து இரண்டு வருஷமாகிறது. எழுதுகிற வேலை பெரியவனுக்கு.

"முதல்ல உங்க அப்பா பேரைப் போடு. கொட்டை எழுத்துல போடு. ஃபாதர் கண்ணுல படணும்."

"ஃபாதர் இதெல்லாம் படிக்க மாட்டாரும்மா. பெட்டியில போட்டு பீடத்துக்கு அடியில வெச்சிடுவாங்க. மாசம் முழுக்க எல்லாருக்கும் சேர்த்துத்தான் பூசை."

"அவரு படிக்கலன்னா என்ன, ஆண்டவருக்குக் கண்ணு இருக்கில்ல? போடு. பதினோரு வருஷமா ஜெபம் சொல்லி அந்த மனுஷனைத் தள்ளித் தள்ளி மோட்சத்துக்குப் பாதி தூரம் கொண்டு வந்திருக்கேன். ஒரு நாள் கையை விட்டேன், சறுக்கிட்டுக் கீழ போயிடுவார். இங்க மாடிப்படி ஏறின லட்சணம்தான் அங்கயும்."

அப்பா குடித்துவிட்டு மாடிப்படியில் விழுந்து செத்தவர். அந்த வீட்டில் அதைச் சொல்லிச் சிரிக்கும் உரிமை அம்மாவுக்கு மட்டும்தான் உண்டு.

அப்பாவுக்குப் பிறகு தாத்தா, பாட்டி, பிரசவத்தில் போன பெரியம்மா, ஒரு கால் விந்தி நடந்த மாமா என்று வரிசையாக வந்தார்கள். பழைய வீட்டுக்காரர் பெயரையும் அம்மா சொன்னாள்.

"அந்த ஆளா? மழை நாள்ல நம்ம சாமானைத் தெருவுல வெச்சவரும்மா."

"அதனாலதான் சொல்றேன். அவருக்குத்தான் அவசரம். எழுது."

எழுதினான். "அவ்வளவுதான், மடிச்சிடு" என்றாள். பெரியவன் பேனாவை மூடவில்லை.

"சின்னவன்?"

"அவனுக்கு என்ன?"

"பேரு போட வேணாமா?"

அம்மா சிரித்தாள். தெரியாத கணக்கைக் கேட்கிற பிள்ளையைப் பார்த்து வாத்தியார் சிரிப்பதுபோல. "இது வழியில நிக்கிறவங்க லிஸ்ட்டுடா. அவன் போய்ச் சேர்ந்துட்டான். நீதானே பக்கத்துல இருந்தே? ஃபாதர் காதுல பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணி, நாக்குல நன்மை அப்பம் வாங்கி, எண்ணெய் பூசிக்கிட்டு, சேசுவேன்னு கூப்பிட்டுக்கிட்டே போனவன். அவன் பேரை இதுல போட்டா, 'என்னம்மா, என்னைச் சந்தேகப்படுறியா'ன்னு கோவிச்சுக்குவான்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். பழைய வீட்டுக்காரருக்குக் கீழே, தாளின் ஓரத்தில், எறும்பு ஊர்ந்ததுபோலப் பெரியவன் தம்பியின் பெயரை எழுதினான். எழுதி முடித்ததும் ஒன்றும் நடந்துவிடவில்லை.

சின்னவன் போன மார்ச்சில் செத்தான். இருவருக்கும் ஒரே பஸ் டிப்போவில் வேலை. பெரியவன் பிரேக் பிரிவு, சின்னவன் டயர் பிரிவு. பெரிய வண்டிச் சக்கரத்துக்குக் காற்று ஏற்றும்போது அதை இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். டயரை ரிம்மோடு பிடித்திருக்கும் பூட்டு வளையம் ஒழுங்காக உட்காரவில்லை என்றால், காற்றின் அழுத்தத்தில் பீரங்கிக் குண்டு மாதிரி கிளம்பும். கூண்டு கொட்டகையின் அந்தக் கோடியில் இருந்தது. வண்டி பத்து நிமிஷத்தில் கிளம்ப வேண்டும் என்று மேலதிகாரி கத்திக்கொண்டிருந்தார். சின்னவன் நின்ற இடத்திலேயே காற்றுக் குழாயை மாட்டினான். வளையம் அவன் நெஞ்சிலும் வயிற்றிலும் அடித்தது.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நினைவு இருந்தது, பேச்சும் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் டாக்டர் பெரியவனை நடைபாதைக்குக் கூப்பிட்டு, உள்ளே ரத்தம் நிற்கவில்லை, இன்றைக்குத் தாண்டாது என்றார். அம்மா இரண்டு இரவு கண்விழித்ததில் மயங்கி விழுந்து, அக்கம்பக்கத்தார் அவளை வீட்டில் படுக்க வைத்திருந்தார்கள். பெரியவன் நர்சிடம் சொல்லி ஆஸ்பத்திரி ஃபாதரை வரவழைத்தான். பதினோரு மணிக்கு அவர் வந்தார். கழுத்தில் ஊதாப் பட்டி, கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளி டப்பா.

அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்கள் மாதிரிக் குடும்பத்தில் பிறந்த ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். சாகிறவர் நெற்றியிலும் கையிலும் பூசுகிற எண்ணெய். நோயாளி யாருக்கும் பூசலாம் என்று கோயிலில் நூறு முறை சொல்லிவிட்டார்கள். யார் கேட்டார்கள்? டப்பா உள்ளே வந்தால் ஆள் வெளியே போகிறான், அவ்வளவுதான்.

சின்னவன் டப்பாவைப் பார்த்தான். அவன் தலைமாட்டில் இருந்த இதயத் துடிப்புக் கருவியின் சத்தம் வேகமானது.

"அண்ணே, இவரு எதுக்கு வந்திருக்காரு? நான் சாகப்போறேனா?"

"சேச்சே. எல்லாருக்கும் வந்து ஜெபம் பண்ணுவாருடா. பக்கத்து பெட்டுக்கு வந்தவரு."

"பொய் சொல்லாதே. டப்பா வெச்சிருக்காரு."

"சாகல்லாம் மாட்டே. படு."

"அப்ப அவரைப் போகச் சொல்லு. அவரு போனாத்தான் நீ சொல்றதை நம்புவேன்."

அவன் கண்ணைப் பெரியவனால் பார்க்க முடியவில்லை. பொறியில் மாட்டிய எலிக்கு அப்படி ஒரு கண் இருக்கும். பெரியவன் எழுந்து, ஃபாதரின் முழங்கையைப் பிடித்து, கதவுக்கு வெளியே கொண்டுபோய் விட்டான். "இப்ப வேணாம் ஃபாதர். பயப்படுறான். சாயங்காலம் வாங்க."

திரும்பி வந்தபோது சின்னவன் முகம் தெளிந்திருந்தது. "நாளைக்கு எனக்கு மூஞ்சி மழிச்சு விடுண்ணே, அரிக்குது" என்றான். அதுதான் கடைசியாகப் பேசியது. பதினொன்று நாற்பதுக்கு மூச்சு நின்றுவிட்டது. சாயங்காலம் வரவே இல்லை.

பன்னிரண்டு மணிக்கு அம்மா கையில் பிளாஸ்க்கோடு வந்தாள். போர்த்திக் கிடந்தவனைப் பார்த்தாள். அழவில்லை. பெரியவன் சட்டையைப் பிடித்து, "ஃபாதர் வந்தாரா?" என்றாள்.

"வந்தார்." அது உண்மை.

"பூசினாரா?"

பெரியவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு அவள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் தலையாட்ட வேண்டியதாகிவிட்டது. பாவசங்கீர்த்தனம் பண்ணானா, ஆட்டினான். நன்மை வாங்கினானா, ஆட்டினான். ஆண்டவர் பேரைச் சொன்னானா, அதற்கும் ஆட்டினான். வாயைத் திறந்து அவன் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. கழுத்து சொன்னது. அம்மா அதைக் கேட்டுத்தான் அழத் தொடங்கினாள், அந்த அழுகையில் பாதி சந்தோஷம்.

இப்போது எட்டு மாசம். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அந்தச் சாவை ஒரு கல்யாணத்தைச் சொல்வதுபோலச் சொல்வாள். சாட்சிக்குப் பெரியவனைப் பார்ப்பாள். அவன் தலையாட்டுவான்.

ஞானோபதேச வகுப்பில் படித்ததில் பெரியவனுக்கு மறக்காமல் இருந்தவை இரண்டு. பெரிய பாவத்தோடு, மன்னிப்புக் கேட்காமல் செத்தால் நேரே நரகம், அங்கிருந்து திரும்ப வழி கிடையாது. மற்றது, மோட்சத்துக்கு முன்னால் நெருப்பில் சுத்தமாகிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கும் ஆத்துமாக்களால் தங்களுக்காக ஒரு ஜெபம்கூடச் சொல்லிக்கொள்ள முடியாது, பூமியில் இருப்பவர்கள் சொன்னால்தான் உண்டு. சின்னவன் பதினைந்து வருஷம் பாவசங்கீர்த்தனத் தொட்டிப் பக்கம் தலை காட்டாதவன். டிப்போ டிக்கெட் கவுன்ட்டரில் இருந்த, புருஷன் உள்ள ஒருத்தியோடு அவனுக்கு மூன்று வருஷப் பழக்கம். அம்மாவுக்குத் தெரியாது, பெரியவனுக்குத் தெரியும்.

ஆக, நல்லது நடந்திருந்தால்கூட, தம்பி உத்தரிக்கிற ஸ்தலத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். அந்தக் கையில் எதையாவது வைக்கக்கூடிய ஒரே ஆள் அம்மா. அவள் ஜெபத்துக்கு இரும்பும் இளகும் என்று ஊரே சொல்லும். அவளோ, தலைகீழாக, அவனிடமே கேட்டுக்கொண்டிருக்கிறாள். தினமும் காலையில் அவன் படத்துக்கு முன்னால் நின்று, "முட்டிவலியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுடா கண்ணு. குழாயில தண்ணி வரல, அதையும் பாரு. உங்க அண்ணனுக்கு ஒருத்தி அமையணும், வயசு நாப்பத்தஞ்சாச்சு, கிழவியா இருந்தாலும் பரவாயில்ல" என்பாள்.

கெட்டது நடந்திருந்தால்? அதைப் பெரியவன் நினைக்கப் போவான், பாதியில் திரும்பிவிடுவான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மத்தியான இடைவேளையில் டிப்போ கொட்டகையின் நிழலில் வெல்டரோடு உட்கார்ந்திருந்தான். வெல்டர் வேறு சபைக்காரர். யாரைப் பார்த்தாலும் வேதம் பேசுவதால் அவரை எல்லாரும் 'பாஸ்டர்' என்பார்கள். பெரியவனை அவர்கள் கூப்பிடுவது 'பிரேக்கு'.

"பாஸ்டர், ஒண்ணு கேக்கணும். உங்க சபையில செத்தவங்களுக்கு ஜெபம் கிடையாதா?"

"என்னய்யா பிரேக்கு, திடீர்னு மனந்திரும்பிட்டியா?" வெல்டர் டிபன் டப்பாவை மூடினார். "கிடையாது. செத்தவனுக்கு எதுக்கு ஜெபம்? பஸ் போனப்புறம் கையைக் காட்டுற மாதிரி. உயிரோட இருக்கும்போதே ஏறிக்கணும். நடுவுல காத்திருக்கிற இடமெல்லாம் உங்க ஆளுங்க சொல்றது."

"ஏறாதவன்?"

"ஏறாதவன் ஏறாதவன்தான்."

"அப்ப என் தம்பி எங்க இருக்கான்?"

வெல்டர் வாயடைத்துப் போனதைப் பெரியவன் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான். சின்னவன் கீழே விழுந்தபோது அவனைத் தூக்கி வண்டியில் போட்டவர் அவர்தான். அவர் சட்டை முழுக்க அன்று ரத்தம்.

"தெரியலய்யா" என்றார்.

"இப்பதானே எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசினீங்க?"

"பொதுவா பேசுறது வேற, சின்னவனைப் பத்திப் பேசுறது வேற." எழுந்து நின்று பின்பக்கத் தூசியைத் தட்டினார். "உங்க வழியில ஏதாவது இருந்தா பண்ணு. நான் சொன்னதைப் பிடிச்சுக்கிட்டுப் பண்ணாம இருந்துடாதே."

அது பெரியவனைப் பயமுறுத்திவிட்டது. பாஸ்டரே பின்வாங்குகிறார் என்றால் நிலைமை எவ்வளவு மோசம்?

வேலை முடிந்து நாலரைக்கு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனான். ஃபாதரின் அறை தரைத்தளத்தில், படுக்கைவிரிப்பு அடுக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். ஆள் மார்ச்சுக்குப் பிறகு இளைத்திருந்தார்.

"உட்காருங்க தம்பி. டீ?"

"வேணாம் ஃபாதர்." நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். டப்பா, முழங்கை, சாயங்காலம் வாங்க என்றது, கழுத்தை ஆட்டியது. சொல்லி முடித்துவிட்டு, "என்னை ஞாபகம் இருக்கா?" என்றான்.

ஃபாதர் அவன் முகத்தில் தேடினார். "இல்ல தம்பி."

"எப்படி இல்லாமப் போகும்? கையைப் பிடிச்சு வெளிய தள்ளினேனே."

"வாரத்துக்கு ரெண்டு பேரு தள்ளுறாங்க. நான் வந்தா சாவு வருதுன்னு பயம். ஒரு அம்மா செருப்பைக் கழட்டிட்டாங்க. அவங்களை ஞாபகம் இருக்கு."

"வெளிய நின்னாவது பாவமன்னிப்பு குடுத்தீங்களா? கதவுல கண்ணாடி இருந்துச்சே."

"வழக்கமா குடுப்பேன். கண்ணாடி வழியா கையைத் தூக்கிட்டுத்தான் போவேன்."

"அப்ப குடுத்திருக்கீங்க." பெரியவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"வழக்கமான்னு சொன்னேன். அன்னைக்கு குடுத்தேன்னு சத்தியம் பண்ண மாட்டேன். சில நாள் வேற வார்டுல கூப்பிடுவாங்க, ஓடிடுவேன்." ஃபாதர் டீயைத் தள்ளி வைத்தார். "குடுத்தேன்னு சொல்லி உங்களை அனுப்பிடலாம். ஒரு பொய்யைச் சொல்லிட்டு நீங்க படுற பாட்டைப் பார்த்துட்டு நான் இன்னொண்ணு சொல்லணுமா?"

பெரியவன் உட்கார்ந்தான். பக்கத்து அறையில் யாரோ விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தார்கள்.

"நரகத்துல இருக்கானா ஃபாதர்?"

"தெரியாது. இன்னார் மோட்சத்துல இருக்கார்னு திருச்சபை எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கு. இன்னார் நரகத்துல இருக்கார்னு இதுவரைக்கும் ஒருத்தரையும் சொன்னதில்ல. கடைசி மூச்சுல ஆண்டவர் அவன்கிட்ட என்ன கேட்டார், அவன் என்ன சொன்னான், அங்க நீங்களும் இல்ல, நானும் இல்ல."

"இது ஆறுதலுக்குச் சொல்றது."

"ஆமா. ஆனா பொய்யில்ல. அவன் போகச் சொன்னது ஆண்டவரையா, சாவையா? எனக்கென்னமோ சாவைத்தான்னு தோணுது. அதுக்குப் பேரு பாவமில்ல, பயம்."

"தோணுதுங்கிறதை வெச்சு நான் என்ன பண்றது?"

"ஜெபம் பண்ணுங்க. ஆண்டவருக்குக் காலத்துல முன்னாடி பின்னாடி கிடையாது. இன்னைக்குப் பண்ற ஜெபத்தை அவரு அன்னைக்கே கேட்டிருக்கலாம்."

பெரியவன் நிமிர்ந்தான். "நீங்க வந்ததுலேர்ந்து அவன் போற வரைக்கும், அந்த நாப்பது நிமிஷத்துக்குப் போய்ச் சேருமா?"

"சேரலாம்."

"லாம்னா?"

"லாம்னா லாம்தான். என்கிட்ட டைம் டேபிள் இல்ல தம்பி."

"அம்மா பண்ணாச் சேரும். எனக்குத் தெரியும். என் வாயால முடியாது ஃபாதர். எட்டு மாசமா பொய்யில கிடக்கிறவன் ஜெபம் கூரையைத் தாண்டாது."

"அது அரைகுறையா படிச்ச ஞானோபதேசம். உங்களுக்கு இப்ப வேணும்னா பாவசங்கீர்த்தனம் கேக்கிறேன்."

"எனக்கு வேணாம். அவனுக்குத்தான் வேணும்."

"அவன் வண்டி போயிடுச்சு. நீங்க இன்னும் ஸ்டாப்புலதான் நிக்கிறீங்க" என்றார் ஃபாதர். டிப்போக்காரன் என்பதால் அப்படிச் சொல்லியிருக்கலாம். பெரியவன் எழுந்து வெளியே வந்துவிட்டான். ஃபாதர் பின்னாலேயே கூப்பிட்டது கேட்டது, திரும்பவில்லை. அவன் மண்டைக்குள் ஒன்றே ஒன்று ஓடியது: நாற்பது நிமிஷம். அம்மாவுக்குத் தெரிந்தால் போதும், அவள் அந்த நாற்பது நிமிஷத்தைப் பிடித்து உலுக்கிவிடுவாள். அவளுக்கு நெஞ்சு வெடித்தாலும் சரி, சொல்லித்தான் ஆக வேண்டும். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனான்.

வீட்டில் அம்மா ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளியில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். உட்காரு."

"உட்கார்ந்துதானே இருக்கேன். கண்ணு எனக்குத் தெரியலையா, உனக்கா?"

"சின்னவனைப் பத்தி."

"என்ன, கனவுல வந்தானா?" அவள் முகம் மலர்ந்தது. "எனக்குத்தான் வரவே மாட்டேங்கிறான், மோட்சத்துல சுகம் கண்டுட்டான்."

"அவன் பூசிக்கல."

"என்ன பூசிக்கல?"

"எண்ணெய். ஃபாதர் வந்தார். அவன் பயந்துட்டான். நான் ஃபாதரை வெளிய அனுப்பிட்டேன்."

அம்மாவின் கை முழங்காலிலேயே நின்றது. "விளையாடாதடா."

"விளையாடல."

"பாவசங்கீர்த்தனம்?"

"பண்ணல."

"நன்மை?"

"இல்லம்மா."

"ஆண்டவர் பேரையாவது? சேசுவேன்னு ஒரு வார்த்தை? தூக்கத்துலயாவது?"

"மூஞ்சி மழிச்சு விடச் சொன்னான்."

அவள் தைலப் புட்டியின் மூடியைத் தேடினாள். மடியில் இருந்தது, அவளுக்கு அகப்படவில்லை. பெரியவன் எடுத்துக் கொடுக்கக் குனிந்தான், அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"அவன் வேணாம்னானா, நீ வேணாம்னியா?"

"ரெண்டு பேரும். சாக மாட்டேன்னு சொல்லிட்டேன். ஃபாதர் போனாத்தான் நம்புவேன்னான். அதான் அனுப்பிட்டேன்."

"நான் கேட்டேனேடா. ஒண்ணொண்ணாக் கேட்டேனே." குரல் உயரவில்லை. "எட்டு மாசம் எம்புள்ள அங்க கையை நீட்டிக்கிட்டு நின்னிருக்கான். நான் அவன்கிட்ட முட்டிவலிக்கு மருந்து கேட்டிருக்கேன். குழாயில தண்ணி வரலன்னு அவன்கிட்ட சொன்னேன்டா. எரியிறவன்கிட்ட தண்ணி கேட்டிருக்கேன்."

"அம்மா, ஃபாதரைப் பார்த்துட்டுத்தான் வர்றேன். இன்னைக்கு ஜெபம் பண்ணாலும் அன்னைக்குப் போய்ச் சேருமாம். நீ பண்ணு. இப்பவே பண்ணு. உன்னால முடியும்."

அவன் கொடுத்த ஜெபமாலையை வாங்கினாள். சிலுவையை நெற்றிக்குக் கொண்டுபோனாள், கை அங்கேயே நின்றது. வாய் திறந்தது, மூடியது. கிணற்றில் தண்ணீர் வற்றியபின் வாளி தரையில் மோதுகிற மாதிரி தொண்டையில் ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"வரலடா."

"மெதுவா பண்ணு."

"வரலைங்கிறேன்! என்னன்னு ஆரம்பிப்பேன்? எம்புள்ளையை மேல வெச்சதுக்கு தினம் நன்றி சொன்னேன் அவருக்கு. எட்டு மாசம் காது குடுத்துக் கேட்டுக்கிட்டே இருந்தாரே, ஒரு கனவு, ஒரு குறிப்பு, ஏதாவது காட்டினாரா? நீதான் பொய் சொன்னே. அவரு ஏன் சும்மா இருந்தாரு?"

பெரியவன் எண்ணியது எல்லாம் நடந்துகொண்டிருந்தது, ஜெபம் ஒன்றைத் தவிர. எட்டு மாசமாக எதை நம்பி வாயை மூடியிருந்தானோ, எதை நம்பி இன்று திறந்தானோ, அந்த ஒன்றை அவனே உடைத்துவிட்டான். இனி சின்னவனுக்கு இந்தப் பூமியில் யாரும் இல்லை.

"அம்மா, திட்டு. அடி. ஆனா அவனுக்காகப் பண்ணு. வேற யாரு இருக்கா அவனுக்கு?"

அம்மா ஜெபமாலையை அவன் மேல் எறிந்தாள். அது அவன் சட்டைப் பொத்தானில் பட்டுக் கீழே விழுந்தது. "உன் வாய்க்கு என்ன கேடு?" என்றாள். ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள். பெரியவன் கீழே கிடந்ததை எடுத்தான். மணிகளில் தைலப் பிசுக்கு. முழங்கால் போட்டான். சின்ன வயதில் போட்டது, அதற்குப் பிறகு பஸ்ஸுக்கு அடியில்தான் போட்டிருக்கிறான். எப்படி ஆரம்பிப்பது என்பதே மறந்திருந்தது. எங்கோ ஓரிடத்தில் தொடங்கினான்.

ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர் பின்பாதியைச் சொல்லி முடிப்பதுதான் ஜெபமாலை வழக்கம். பெரியவன் முன்பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினான். அம்மாவின் முதுகு அசையவில்லை. பின்பாதியையும் அவனே சொன்னான். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது, திரும்பச் சொன்னான். அடுத்த மணி. நிறுத்தினான். பதில் இல்லை, தானே முடித்தான். குரல் அவனுக்கே அசிங்கமாக இருந்தது, கடன்காரனுக்குச் சாக்குச் சொல்கிற குரல். இது கூரையைத் தாண்டுமா, தாண்டாதா என்று கேட்கத் தோன்றியபோதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கட்டிலில் கிடந்தவனின் கண்ணை நினைத்தான். ஒவ்வொரு மணிக்கும் பாதியில் நிறுத்தினான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிக நேரம் காத்திருந்தான்.

விரல் வழுக்கிவிட்டது. எத்தனையாவது மணி என்று தெரியவில்லை. ஏழா எட்டா என்று விரலால் தடவிப் பார்த்தான், வாய் நின்றுவிட்டது.

"ஒம்பது" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடியே.

பெரியவன் ஒன்பதாவதைச் சொல்லத் தொடங்கினான்.